அலின்சனிடம் எடுக்க வேண்டியதும் விட வேண்டியதும்

(இயற்கை மருத்துவம் தொடங்கும் பிள்ளைகளுக்கு, மானாம்பதியிலிருந்து)

பட்டம் வாங்கிய கையோடு, "கிராமத்தில் உட்கார்ந்தால் பிழைக்க முடியுமா ஐயா?" என்று கேட்டுக்கொண்டு மானாம்பதிக்கு வருகிற பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள். அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி 2000-ல் வந்தது. இப்போது செங்கல்பட்டிலும் ஒன்று வந்துவிட்டது. ஐந்தரை வருடம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு உடற்கூறும் நீர் சிகிச்சையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கேட்பது ஒரே கேள்விதான்: அலின்சன் யார் தெரியுமா? அநேகமாகத் தெரியாது. சத்திய சோதனையில் அங்கங்கே வந்து போகிற பெயர். காந்தியைப் படிக்கிற வேகத்தில் தாண்டிவிடுகிறோம்.

தாமஸ் ரிச்சர்ட் அலின்சன் 1858-ல் மான்செஸ்டரில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்து 1879-ல் தகுதி பெற்றார். 1885-ல் லண்டனில் சொந்தமாக மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். பாதரசமும் அபினும் பிராந்தியும் மருந்தாகப் புழங்கிய காலம் அது. அவரோ முழுக் கோதுமை ரொட்டி, காய், பழம், நடை, குளியல், திறந்த ஜன்னல் என்று எழுதிக் கொடுத்தார். புகையிலை, மது, டீ, காப்பி எல்லாவற்றையும் விடச் சொன்னார். புலால் கூடாது என்றார். 1892-ல் அவருடைய மருத்துவப் பதிவு பறிபோனது. 1918 நவம்பரில் காலமானார்.

தமிழ்நாட்டிலும் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. ஆனால் இயற்கை மருத்துவத்துக்காக எழுதிக் குவித்த புதுக்கோட்டை லட்சுமண சர்மா வக்கீல் தொழிலிலிருந்து வந்தவர். அலின்சன் மருத்துவம் படித்து, பதிவு பெற்று, அந்தப் படிப்பின் உள்ளேயிருந்து இந்தப் பக்கம் வந்தவர். நீங்களும் கல்லூரி வழியாக வருகிறவர்கள். அவருடைய கதைதான் உங்களுக்கு அதிகம் பொருந்தும். அவர் சொன்னவற்றில் பின்னால் உலகமே ஒப்புக்கொண்டவை உண்டு. ஊர் கேட்டு நடந்திருந்தால் குழந்தைகள் செத்திருப்பார்கள் என்று சொல்லத்தக்கவையும் உண்டு. இரண்டையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு அடித்துச் சொன்னார். கீழே நான் எழுதியிருப்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

1. வியாதியைக் கேட்பதற்கு முன்னால் நேற்றைய சாப்பாட்டைக் கேளுங்கள்.

"வழக்கமாக என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் நல்லதாக நாலு பதார்த்தம் சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை, மனசு அப்படித்தான் எடுத்துக் கொடுக்கும். "நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை வாயில் என்னென்ன போட்டீர்கள்?" என்று கேட்டால் டீக்கடைப் பன்னும், பேரன் மிச்சம் வைத்த பிஸ்கெட்டும் சேர்ந்தே வரும்.

அலின்சன் பிடித்த நூல் இதுதான். அவர் காலத்து இங்கிலாந்தில் கல் திரிகை ஓய்ந்து, எஃகு உருளை ஆலைகள் வந்துவிட்டன. தவிடும் முளையும் போன வெள்ளை மாவு ஏழை வீட்டுக்கும் மலிவாகக் கிடைத்தது. ரொட்டி எவ்வளவு வெளுப்போ அவ்வளவு கௌரவம். அந்த வெளுப்பில்தான் மலச்சிக்கலும் இன்ன பிறவும் இருக்கின்றன என்று சொல்லி, முழுக் கோதுமை ரொட்டியைப் பற்றியே 1889-ல் ஒரு புத்தகம் போட்டார். வைட்டமின் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. காசிமிர் ஃபங்க் அந்தப் பெயரை வைத்தது 1912-ல். காரணம் தெரியாமலே, பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டு அலின்சன் சரியான இடத்தில் கை வைத்தார்.

நம் கதை அரிசியில் இருக்கிறது. தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போனதை ஜாவாவில் ஐக்மன் 1890-களில் கவனித்தார்; 1929-ல் நோபல் பரிசு வந்தது. பழைய சென்னை மாகாணத்தில் வடக்கே தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட ஜனங்களை அதே வகை நோயான பெரிபெரி வாட்டியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்ப் பக்கம் பெரும்பாலும் தப்பித்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் கொஞ்சம் அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் அது முழுக்கப் போவதில்லை. நெல் அவித்த நம் ஆயாக்களுக்கு இது தெரியாது. ஆனால் அவர்கள் அவித்ததால்தான் ஊர் நடமாடியது. பெரிபெரியை ஆராய ராபர்ட் மக்காரிசன் குன்னூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கினார். அது 1918, அலின்சன் இறந்த அதே வருடம். அந்தக் கூடம்தான் வளர்ந்து இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

எங்கள் உத்திரமேரூர் வட்டம் ஏரி நீரில் நெல் விளைகிற பூமி. விளைந்த நெல்லை வியாபாரிக்குப் போட்டுவிட்டு, கடையில் பளபளக்கிற அரிசி மூட்டை வாங்குகிற வீடுகள்தான் இன்று அதிகம். அங்கே போய் ஒரேயடியாக மாற்றச் சொல்லாதீர்கள். புழுங்கலா, பச்சையா? எத்தனை தடவை களைகிறார்கள்? கஞ்சியை எங்கே கொட்டுகிறார்கள்? இந்த மூன்றையும் கேளுங்கள். சர்க்கரை நோயாளி என்றால் அளவையும் கேளுங்கள். கேழ்வரகு நல்லதுதான், ஆனால் கூழும் மாவுச்சத்துதான். சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கருப்புக் கவுனிக்கும் இதே கணக்குதான்.

2. வாங்க முடியாததை எழுதிக் கொடுக்காதீர்கள்.

அலின்சன் எழுதிய வாரப் பத்திரிகை சாதாரண ஜனங்கள் வாங்கிப் படித்தது. வாசகர் கடிதத்துக்கு அதிலேயே பதில் சொன்னார். அவர் சொன்ன சாப்பாடு இறைச்சியைவிட மலிவு. இன்றைக்கு இயற்கை உணவு என்ற பெயரில் கிலோ இருநூறு ரூபாய் அரிசியும், எங்கோ மலைநாட்டுப் பழமும், கண்ணாடிப் புட்டியில் எண்ணெயும் எழுதிக் கொடுக்கிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அது எதற்கு? கொல்லையில் முருங்கை நிற்கிறது. வேர்க்கடலை நம் பக்கத்துப் பயிர். மோர் இருக்கிறது. பச்சைப்பயறு இருக்கிறது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுகிற கூழை மற்ற மாதமும் காய்ச்சத் தடை ஒன்றும் இல்லை.

3. சைவத்தை உயர்வு தாழ்வாகப் பேசாதீர்கள்.

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். நான் சைவம். வருகிறவர்களிடமும் சைவம் பற்றிச் சொல்கிறேன். ஆனால் லண்டனில் அலின்சன் சைவம் பேசியதும், நான் மானாம்பதியில் உட்கார்ந்து பேசுவதும் ஒன்றல்ல. அங்கே அது ஒருவன் தானாகத் தேர்ந்தெடுத்த வழி. சைவக்காரன் என்றால் கிறுக்கன் என்று ஊர் சிரித்தது, அவ்வளவுதான். நம் ஊரில் யார் வீட்டில் என்ன வேகிறது என்பதை வைத்து எந்தத் தெரு, எந்தச் சாதி என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் "சைவமா?" என்று கேட்பது எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்டே நொந்தவரிடம், "புலால் அசுத்தம், தாமச குணம்" என்று நீங்களும் ஆரம்பித்தால் அவர் காதில் விழுவது மருத்துவம் அல்ல.

கூழுக்குக் கருவாடு என்பது இந்தப் பக்கத்தில் பலருக்குப் பிறவியிலிருந்து வந்த ருசி. மாதத்தில் பாதி நாள் அவர்களுக்குக் கிடைக்கும் புரதமும் அதுதான். அதை நிறுத்தச் சொல்வதற்கு முன், பதிலுக்கு என்ன வைக்கப்போகிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். துவரம்பருப்பு விலையைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள். புலால் உண்ணாமையைச் சொன்ன வள்ளலார் சொன்னதோடு நிற்கவில்லை. 1867-ல் வடலூரில் அடுப்பு மூட்டி, பசித்து வந்தவர் யாராக இருந்தாலும் சோறு போட்டார்.

முழுச் சைவத்துக்கு மாறுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வைட்டமின் பி12 செடிகொடியில் கிடைக்காது. பாலும் மோரும்கூட வேண்டாம் என்று ஒதுக்குகிறவருக்கு நாளாக நாளாகச் சோகை வரும், கால் மரக்கும். அந்தச் சத்தைக் கண்டுபிடித்துப் பிரித்தெடுத்ததே 1948-ல்தான், அதனால் அலின்சனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. உங்களுக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கவும், குறைந்தால் மாத்திரை போடச் சொல்லவும் கூச்சப்படாதீர்கள். இயற்கை மருத்துவர் மாத்திரை எழுதினால் குற்றம் என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள்.

4. அடுத்த மருத்துவரைத் திட்டிப் பெயர் வாங்காதீர்கள்.

அலின்சனின் பதிவு போனது கோதுமை ரொட்டிக்காக என்று நம் கூட்டங்களில் ஒரு கதை ஓடுகிறது. இயற்கை மருத்துவத்தின் முதல் தியாகி என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது வேறு. மற்ற மருத்துவர்கள் நஞ்சைக் கொடுக்கிறார்கள், அவர்களிடம் போகாதீர்கள், என்னிடம் வாருங்கள் என்று அவர் தொடர்ந்து எழுதினார், விளம்பரமும் செய்தார். 1892-ல் பொது மருத்துவக் கவுன்சில் அவரைப் பட்டியலிலிருந்து நீக்கியது அதற்காகத்தான். அவர் வழக்குப் போட்டார். 1894-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கவுன்சில் பக்கம் நின்றது. நற்பெயரும் திறமையும் உள்ள சக மருத்துவர்கள் ஒரு செயலை நியாயமாகவே வெட்கக்கேடு என்று கருதுவார்களானால், அது தொழிலில் இழிநடத்தை என்று அந்தத் தீர்ப்பு இலக்கணம் வகுத்தது. பின்னால் வழக்கறிஞர்களின் ஒழுங்கு வழக்குகளிலும் அதையே எடுத்துக்கொண்டார்கள். ரொட்டியால் மட்டுமா, சட்டப் புத்தகத்தாலும் அவர் பெயர் நிலைத்துவிட்டது.

தண்டனை கூடுதல் என்பது என் கருத்து. அவர் நஞ்சு என்று சொன்னவற்றில் பல நஞ்சுதான்; பாதரசத்தை இன்று எந்த மருத்துவர் விழுங்கக் கொடுப்பார்? ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவர் சொன்னதைக் கேட்டுத் திருந்த வேண்டிய மருத்துவர்கள் எல்லாரையும் அவரே எதிரியாக்கிக்கொண்டார். ரொட்டியைப் பற்றிய நல்ல சேதி மருத்துவக் கல்லூரிக்குள் போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டது.

உங்களிடம் வருகிறவர் ஒரு பை மாத்திரையோடு வருவார். "யார் இதெல்லாம் எழுதினது?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். சீட்டை முழுக்கப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். உணவையும் நடையையும் நீங்கள் பார்த்துக்கொண்டு, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் குறையக் குறைய மாத்திரையைக் குறைப்பதை எழுதியவரிடமே விட்டால், ஆறு மாதத்தில் அவரே உங்களிடம் ஆள் அனுப்புவார்.

5. பலகையில் உள்ளது மட்டும் இருக்கட்டும்.

பதிவு போன பிறகும் அலின்சன் பட்டத்தை விடவில்லை. பட்டத்துக்கு முன்னால் 'முன்னாள்' என்று போட்டுக்கொண்டார். 1895-ல் 20 பவுண்டு அபராதம் விழுந்தது. நீங்கள் பி.என்.ஒய்.எஸ். படித்தீர்கள். அதை அப்படியே தமிழில் பெரிதாக எழுதுங்கள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு போட்டோ பிடித்துப் பலகையில் மாட்டுவது, "சர்க்கரைக்கு முற்றிலும் தீர்வு" என்று பஸ் ஸ்டாண்டில் ஒட்டுவது, இவை எதுவும் வேண்டாம்.

6. எழுதிக் கொடுப்பதை நீங்களே விற்காதீர்கள்.

1892-ல் அலின்சன் கிழக்கு லண்டன் பெத்னல் கிரீனில் கல் திரிகை ஆலை ஒன்றை வாங்கினார். மருந்தில்லா ஆரோக்கியம் என்பது அவர் கம்பெனியின் முழக்கம். நல்ல மாவு கிடைக்கவில்லை, ஆகையால் தானே அரைத்தார் என்பது அவர் பக்கத்து நியாயம், நம்பத்தகுந்த நியாயம்தான். அவர் பெயரில் மாவும் ரொட்டியும் இன்றும் இங்கிலாந்துக் கடைகளில் இருக்கின்றன. ஆனால் ரொட்டி தின்னச் சொல்கிறவரே ரொட்டி விற்றால், அவர் சொல்வதில் எவ்வளவு மருத்துவம், எவ்வளவு வியாபாரம் என்று கேட்கிறவனுக்கு ஒரு குறுகுறுப்பு இருக்கும். அந்தக் குறுகுறுப்பு நியாயமானது.

மருத்துவமனைக்குள் சத்துமாவு அலமாரி வைக்காதீர்கள். செக்கு எண்ணெய் வேண்டுமென்றால் செக்குக்காரரிடம் அனுப்புங்கள். யூடியூபில் இறங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் இதுதான். பேசுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வீடியோவுக்குக் கீழே "ஆர்டர் செய்ய" என்று ஒரு நம்பர் வந்துவிட்டால் நீங்கள் மருத்துவர் இல்லை, கடைக்காரர். கடை வைப்பது கேவலமில்லை; இரண்டையும் ஒரே வாயால் செய்வதுதான் சிக்கல்.

7. தடுப்பூசி விஷயத்தில் அலின்சன் தவறு. அதைத் தவறென்றே சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் 1853 முதல் குழந்தைகளுக்கு அம்மை குத்துவது கட்டாயம். குத்தாத பெற்றோருக்கு அபராதம். அலின்சன் இதை எதிர்த்தார். அந்தக் காலத்து எதிர்ப்பில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு குழந்தையின் கையில் குத்திய இடத்திலிருந்து நீர் எடுத்து இன்னொரு குழந்தையின் கையில் ஏற்றினார்கள். அதில் மேகநோய் தொற்றிய சம்பவங்கள் உண்டு. மனசாட்சிப்படி மறுக்கிறவருக்கு விலக்குக் கொடுத்து 1898-ல் சட்டத்தையும் தளர்த்தினார்கள். ஆனால் முறையில் இருந்த குறையைத் திருத்தச் சொல்வது வேறு. சுத்தமாக இருந்து சுத்தமாகச் சாப்பிட்டால் பெரியம்மை அண்டாது என்பது வேறு. காந்தியும் பெரியம்மைத் தடுப்பூசியை எதிர்த்து எழுதியிருக்கிறார். இருவருமே பெரியவர்கள். இருவரும் இதில் தவறினார்கள்.

மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நமக்குப் பெரியம்மை என்றால் என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தொண்டை மண்டலத்தில் அம்மன் இல்லாத ஊர் ஏது? இந்தியாவில் கடைசி நோயாளியைக் கண்டது 1975 மே மாதம். 1980-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். வீடு வீடாகத் தேடிப் போய்க் குத்திய ஊசிதான் அதைச் செய்தது, வேப்பிலை இல்லை. கைக்குழந்தையோடு வருகிற தாயிடம் முதலில் தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். விட்டுப் போயிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் அன்றைக்கே அனுப்புங்கள். உங்கள் சொந்த அபிப்பிராயம் என்று எதையும் அந்தத் தாயிடம் சொல்லி வைக்காதீர்கள்.

8. எதை உடனே அனுப்ப வேண்டும் என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

பாம்புக்கடி. நெஞ்சுவலி. வாய் கோணி, கை விளங்காமல் வருகிறவர். விடாத வயிற்றுவலியோடு காய்ச்சல். மூச்சிரைக்கும் குழந்தை. நிறைமாதத்தில் தலைவலி, கால் வீக்கம். இவர்களைத் தொட்டுப் பார்த்து நேரம் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். செங்கல்பட்டில் பெரிய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. இன்சுலின் போடுகிற குழந்தைக்கு இன்சுலினை நிறுத்துவது கொலை. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. பாம்புக்கடிக்கு மருந்து நம் மண்ணிலிருந்தே வருகிறது. வடநெம்மேலியில் இருளர்கள் 1978-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிற விஷத்தில்தான் விஷமுறிவு ஊசி தயாராகிறது. அதைவிட இயற்கையான மருந்து எது?

இந்த இடத்தில் காந்தியின் கதையில் மூன்று படுக்கைகளைப் பாருங்கள். 1924 ஜனவரியில் எரவாடாச் சிறையில் இருந்தவருக்குக் குடல்வால் பழுத்துவிட்டது. மண் பட்டியும் பட்டினியும் பேசிய மனிதர் பூனா சசூன் ஆஸ்பத்திரியில் கர்னல் மடோக்கின் கத்திக்குச் சம்மதித்துப் படுத்தார். நடுவில் மின்சாரம் போய், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள். அதற்குப் பிறகு 24 வருடம் இருந்தார். 1944 பிப்ரவரியில் ஆகாகான் மாளிகைக் காவலில் கஸ்தூரிபா கடைசி நிலையில் கிடந்தபோது, மகன் தேவதாஸ் பெனிசிலின் வரவழைத்தார். ஊசி போட்டு வதைக்க வேண்டாம் என்று காந்தி தடுத்துவிட்டார். அது கஸ்தூரிபாவைக் காப்பாற்றியிருக்குமா என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் உங்களிடம் அதே நிலையில் ஒருவர் வந்தால், முதல் படுக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வேண்டாம். மூன்றாவது படுக்கை 1914-ல் லண்டனில். அங்கே அலின்சனே வருகிறார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

9. காசநோய் ஆய்வு இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. காசநோய்க்கு இதுதான் மருந்து என்று நம் முன்னோர் நம்பினார்கள். மலைக்காற்றில் சானடோரியங்கள் எழுந்தது அப்படித்தான். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இதைச் சோதித்துப் பார்த்தது. நோயாளிகளில் ஒரு பகுதியைச் சானடோரியத்தில் வைத்து நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினர் நெரிசலான வீட்டிலேயே, இருக்கிற சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே. 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். குணமாக்கியது மருந்து. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

இதைப் படித்துவிட்டுச் சாப்பாடு ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஜார்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. சேத்துப்பட்டில் இன்று தேசிய நிறுவனமாக இருக்கும் அதே மையத்துக்கும் அதில் பங்கு உண்டு. கூடுதல் உணவு கிடைத்த குடும்பங்களில் மற்றவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. வந்த நோயைத் தீர்க்க மாத்திரை. வீட்டில் மற்றவர்களுக்கு வராமல் காக்கச் சாப்பாடு. நம் தொழிலின் இடம் எங்கே என்று இதைவிடத் தெளிவாக யாரும் கோடு போட்டுக் காட்டியதில்லை.

10. கருத்து மாறுபட்டவனைச் சங்கத்தைவிட்டுத் துரத்தாதீர்கள்.

லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் அலின்சன் செயற்குழு உறுப்பினர். சங்கத்தின் தலைவர் ஆர்னால்ட் ஹில்ஸ், தேம்ஸ் இரும்பு ஆலை முதலாளி. சங்கம் நடந்ததே அவர் பணத்தில். (கால்பந்து பார்க்கிற பிள்ளைகளுக்கு: வெஸ்ட் ஹாம் அணி அவருடைய ஆலைத் தொழிலாளர் அணியிலிருந்து வந்தது.) அலின்சன் சைவத்தோடு கர்ப்பத்தடை பற்றியும் எழுதினார், தொழிலாளர் குடும்பங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். ஒழுக்கத்தின் வேரையே அறுக்கிற காரியம் என்று கொதித்த ஹில்ஸ் அவரை நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். 1891 பிப்ரவரி. குழுவில் 21 வயது காந்தி இருந்தார்.

காந்திக்கும் கர்ப்பத்தடை பிடிக்காது. ஹில்ஸிடம் மதிப்பும் உண்டு. இருந்தும், சைவம் பரப்புவதுதான் சங்கத்தின் நோக்கம், அதற்குச் சம்பந்தமில்லாத கருத்துக்காக ஒருவரை நீக்குவது முறையல்ல என்று எழுதிக்கொண்டு போனார். எழுந்து படிக்கத் தைரியம் வரவில்லை, இன்னொருவர் படித்தார். தீர்மானம் நிறைவேறியது, அலின்சன் வெளியேறினார். இதில் இன்னொரு வேடிக்கை, அன்று ஹில்ஸ் ஒழுக்கக்கேடு என்ற குடும்பக் கட்டுப்பாட்டைப் பின்னாளில் இந்தியாவிலேயே முன்னால் நின்று செய்த மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு.

நம் சங்கங்களில் உப்பு சேர்க்கிறவரை உப்பு சேர்க்காதவர் பார்க்கிற பார்வை உங்களுக்குத் தெரியும். பால் குடிக்கலாம் என்பவருக்கும் கூடாது என்பவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சமைக்காத உணவுக்காரர் தனிக் கூட்டம். நீங்கள் எந்தக் கட்சியில் வேண்டுமானாலும் இருங்கள், மற்றவரின் நாற்காலியை எடுக்காதீர்கள்.

11. ஒத்துக்கொள்ளாததையும் எழுதி வையுங்கள்.

1914-ல் காந்தி மறுபடி லண்டன் வந்தபோது விலாவில் கடுமையான வலி, ப்ளூரசி. பால் சாப்பிடச் சொல்லி மருத்துவர்களும் கோகலேயும் வற்புறுத்தினார்கள். மறுத்துவிட்டு அலின்சனை வரவழைத்தார். பதிவு பறிபோய் இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நோயாளிகள் அவரை விடவில்லை. பால் வேண்டியதில்லை என்றார். தவிடு நீக்காத ரொட்டி, பச்சையாக பீட்ரூட், முள்ளங்கி, வெங்காயம், மெல்ல முடியாவிட்டால் துருவி; பழம், முக்கியமாக ஆரஞ்சு; வெதுவெதுப்பான நீரில் குளியல், எண்ணெய் தேய்ப்பு, கொஞ்சம் நடை, இரவும் பகலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். திறக்க முடியாத மேல் ஜன்னலின் கண்ணாடியை காந்தி உடைக்கவே சொல்லிவிட்டார்.

பலன்? மூன்று நாளில் பச்சைக் காய் ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு ஓரளவு தேறியது, முழுக்கத் தீரவில்லை. கடைசியில் குளிருக்குப் பயந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். இதையெல்லாம் காந்தி தன் கையாலேயே எழுதியிருக்கிறார். தனக்கு மிகவும் பிடித்த மருத்துவர், தான் நம்பிய முறை. இருந்தும் தீரவில்லை என்று எழுத அவர் தயங்கவில்லை. ஆரம்பத்தில் எனக்கு அலின்சன் மீது மதிப்பு வந்தது இந்தப் பக்கங்களால்தான். குணமான கதை மட்டும் சொல்கிற புத்தகங்களை நான் பாதிக்கு மேல் படிப்பதில்லை.

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். தேதி, எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, என்ன சொன்னீர்கள், அவர் உண்மையில் எதைச் செய்தார், என்ன ஆயிற்று. 'செய்தார்' என்ற கட்டம் முக்கியம், பாதிப் பேர் நீங்கள் சொன்னதைச் செய்திருக்க மாட்டார்கள். மறுபடி வராதவர்களைக் குணமானவர் கணக்கில் சேர்க்காதீர்கள். வலி கூடி வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம், பஸ்ஸுக்குக் காசில்லாமல் இருக்கலாம். மாதம் ஒரு முறை அந்தப் பெயர்களை எடுத்து ஆளுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். போன் இல்லாதவர்களை அந்த ஊரிலிருந்து வருகிறவர்களிடம் விசாரியுங்கள். கேட்டதை அதே பக்கத்தில், அன்றைய தேதியைப் போட்டு எழுதுங்கள்.